சர்வருக்குப் பொட்டு வைத்த வகையில்

ஒருவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதை அவனைத் தவிர எல்லோரும் சொல்லலாம். அந்த நாட்டின் தொழில்திறன் மதிப்பீட்டுப் பேரவைக்கு இதுதான் முதல் விதி. எந்த நாடு என்று இங்கே சொல்லப்போவதில்லை. பீமாராவுக்கு அங்கே இன்னும் ஒரு கணக்கு திறந்தே கிடக்கிறது. பாஸ்வேர்டை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான், பாவம், அதை நாம் கெடுப்பானேன்.

பீமாராவ் காளவாசலில் ஒரு தனியார் மருத்துவமனையில் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். இதைக் கேட்டு நீங்கள் தலையாட்டினால் நீங்கள் அவன் மாமனார் வீட்டு ஆள் இல்லை என்று பொருள். மாமனார் வீட்டில் அவன் 'கம்ப்யூட்டர் பார்க்கிற மாப்பிள்ளை'. பண்டிகைக்குப் போனால் இலை போடுவதற்கு முன்னால் பழைய பிரிண்டரைத் தூக்கி வந்து முன்னால் வைப்பார்கள். மருத்துவமனையில் அவன் 'கம்ப்யூட்டர் தம்பி'. வேலை உத்தரவிலோ 'இளநிலை உதவியாளர், கணினி' என்று இருக்கிறது.

யாருக்கு என்ன ரத்தம், யாருக்கு எந்த மருந்து ஆகாது, யாருக்கு எந்தக் கிழமை டயாலிசிஸ் என்று ஒன்றரை லட்சம் பேருடைய விவரம் அந்த மருத்துவமனை சர்வருக்குள் கிடக்கிறது. அது தொலையாமல், ஒன்றோடொன்று கலக்காமல், கேட்ட நொடியில் வந்து நிற்கும்படி பார்த்துக்கொள்வது அவன் வேலை. எட்டு வருஷமாக அதை ஒழுங்காகச் செய்துவந்ததால், அப்படி ஒரு வேலை இருப்பதே ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

அவன் அப்பா சுடலைக்கு மட்டும் தெரியும். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கரண்டு இருக்குற வரைக்கும் எவன்டா லைன்மேன நெனைக்கிறான்? போனாத்தேன் போனப் போட்டுக் கத்துவாய்ங்க. ஒனக்கும் அதே பொழப்புத்தேன்" என்பார்.

வெளிநாடு போகப்போகிறேன் என்று பீமாராவ் கிளம்பியபோது மகள் பவதாரிணியின் படிப்புக்காக என்று ஊருக்குச் சொன்னான். பவதாரிணிக்கு அப்போது வயது மூன்று. உண்மையான காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். போக வேண்டுமென்றால் முதலில் அந்தப் பேரவை ஒரு தாள் தர வேண்டும். 'இவர் ஒரு டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று அதில் முத்திரையோடு இருக்கும். அப்படி ஒரு வரியை அவன் வாழ்நாளில் யாரும் அவனுக்கு எழுதித் தந்ததில்லை. அதை வாங்கி லேமினேட் செய்து, மாமனார் வீட்டுப் பிரிண்டர் மேல் வைத்துவிட்டு வர வேண்டும். விமானமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரே நெருக்கடி, வயது. அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள் அவனுக்கு முப்பத்து மூன்று. முப்பத்து மூன்று ஆகிவிட்டால் புள்ளி குறையும், வரிசையில் பின்னால் போய்விடுவான், அப்புறம் அந்த நாட்டை உலக உருண்டையில்தான் பார்க்க வேண்டும்.

காளவாசலில் ஒரு பரோட்டாக் கடைக்கு மேல் மாடியில் சிவக்குமார் என்று ஒரு ஆலோசகர் இருந்தார். அதே நாட்டுக்கு மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் நிராகரிக்கப்பட்டவர். அந்த அனுபவத்தை வைத்துத்தான் அலுவலகம் திறந்திருந்தார்.

"மொதல்ல ரெஃபரன்ஸ் லெட்டர் வேணும்ணே" என்றார். "ஒங்க மேனேஜரு, நீங்க என்ன வேல பாக்குறீகன்னு எழுதித் தரணும். பேரவ வெப்சைட்ல ஒரு லிஸ்ட்டு இருக்கு. லெட்டரு அந்த லிஸ்ட்டு மாதிரியே இருக்கணும். ஆனா அதப் பாத்து எழுதுனதா இருக்கக் கூடாது. மாதிரி இல்லேன்னா தகுதி இல்லம்பாய்ங்க. மாதிரியே இருந்தா மோசடிம்பாய்ங்க."

"ரெண்டுக்கும் நடுவுல எப்பிடி எழுதுறது?"

"அதுக்குத்தேன் நானு" என்றார் சிவக்குமார். அவருடைய மூன்று நிராகரிப்புகளில் ஒன்று முதல் காரணத்துக்கு, இரண்டு அடுத்த காரணத்துக்கு.

மேலாளர் அழகுமலை நல்ல மனிதர். "நீ என்ன வேல பாக்குறன்னு நீயே எழுதிக் கொண்டா தம்பி. கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்றார். பீமாராவ் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனான். அழகுமலை கண்ணைத் திறந்துவிட்டார்.

"என்னமோ பேரழிவு மீட்புன்னு போட்டுருக்க? நம்ம ஆஸ்பத்திரியில என்னய்யா பேரழிவு வந்துச்சு? வெளிநாட்டுக்காரன் படிச்சா நம்மளப் பத்தி என்ன நெனைப்பான்? அடி அத."

பீமாராவ் அடித்தான்.

"தகவல் பாதுகாப்பா? அப்ப இங்க திருட்டு நடக்குதுன்னு ஆகுமே. அடி. வேகத்த மேம்படுத்துனியா? அதுக்கு முன்னாடி மெதுவா இருந்துச்சுன்னு நாமளே எழுதிக் குடுக்குறதா? அடி, அடி."

கடைசியில் இரண்டு பக்கத்தில் அடிபடாமல் தப்பியது ஒரே வரி: 'இவர் நேரத்துக்கு வருவார், நன்னடத்தை உள்ளவர்.' அதன் கீழே அழகுமலை பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, ரப்பர் முத்திரையையும் இரண்டு முறை அழுத்திக் கொடுத்தார். பீமாராவ் அதற்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தான். நன்னடத்தை உள்ளவன் அல்லவா.

கடிதம் போதாது, நேரில் விசாரிக்க வேண்டும் என்று பேரவையிலிருந்து பதில் வந்தது. நேரில் என்றால் கணினித் திரையில். ஒரு புதன்கிழமை காலை, வண்டியூர் வீட்டில் பீமாராவ் மேலே கோட்டும் கீழே கைலியுமாக உட்கார்ந்தான். திரையில் மதிப்பீட்டு அலுவலர் தோன்றினார். மிகவும் கனிவானவர். அவர் ஆங்கிலத்தில் பேசியதை நாம் தமிழில் கேட்டுக்கொள்வோம்.

"எட்டு ஆண்டுகளில் எத்தனை முறை தரவுகளை இழந்திருக்கிறீர்கள்?"

"ஒரு முறையும் இல்லை" என்றான் பீமாராவ், நெஞ்சை நிமிர்த்தி.

"அடடா" என்றார் அலுவலர். உண்மையாகவே வருத்தப்பட்டார். "சர்வர் எத்தனை முறை திடீரென்று நின்றுபோனது?"

"நின்றதே இல்லை."

"யாராவது உள்ளே ஊடுருவினார்களா? சும்மா முயற்சியாவது செய்தார்களா?"

பீமாராவ் தலையைக் குனிந்துகொண்டான். தேர்வில் ஒன்றும் எழுதாதவன் மாதிரி இருந்தது.

"பாருங்கள், நாங்கள் யாரையும் நிராகரிப்பதற்காக இங்கே உட்கார்ந்திருக்கவில்லை" என்றார் அலுவலர். "திறமையை அளப்பது எங்கள் பணி. பிரச்சினை வந்தால்தான் தீர்வு உண்டு. தீர்வு இருந்தால்தான் ஆவணம் உண்டு. ஆவணம் இருந்தால்தான் திறமை உண்டு. நேற்று ஒரு விண்ணப்பதாரர் வந்தார். ஒரு நிதி நிறுவனத்தின் மொத்தத் தரவையும் இரண்டு முறை அழித்தவர். நானூறு பக்கம் ஆவணங்கள்! மூன்று விசாரணை அறிக்கைகள்! படிக்கப் படிக்க எங்களுக்கே பெருமையாக இருந்தது. அவரை மூத்த நிபுணர் என்று சான்றளித்திருக்கிறோம். உங்களிடம் அப்படி ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் தனியாகச் செய்த ஒரு வேலை, தேதி போட்டு, மேலாளர் ஒப்புதல் கையெழுத்தோடு, ஒன்றாவது இருக்கிறதா?"

அப்போதுதான் பீமாராவுக்கு, சர்வரை நிறுத்தி வைத்த நேரங்களை எழுதும் பதிவேடு நினைவுக்கு வந்தது.

எந்த சர்வரையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டைகளை அடைக்கும் பேட்சுகளை ஏற்ற வேண்டும். எடுத்து வைத்த பேக்கப் திரும்ப வருகிறதா என்று சோதிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பீமாராவ் நான்கு மணி நேரம் கேட்டுப் படிவம் எழுதினான். "நல்லா ஓடுறத எதுக்குய்யா நிறுத்தணும்?" என்று அழகுமலை கிழித்துப் போட்டார். மூன்று முறை எழுதினான், மூன்று முறை கிழித்தார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. ஐயர் வந்து ஸ்கேன் இயந்திரத்துக்கும் ஆம்புலன்சுக்கும் பூஜை போட்டார். சர்வர் அறை மாடிப்படிக்குக் கீழே, கழிப்பறையை ஒட்டி இருந்தது. அங்கே வர முடியாது என்றுவிட்டார். அழகுமலை குங்குமச் சிமிழை பீமாராவ் கையில் கொடுத்தார்.

"நீயே ஒரு பொட்ட வச்சு விட்ரு தம்பி. பூசை போட்ட மிஷினு ஓடக் கூடாது, தெரியும்ல? ஒரு நாலு மணி நேரமாச்சும் நிறுத்தி வையி. எழுதிக் குடு, கையெழுத்துப் போடுறேன்."

பேட்சுக்குக் கிடைக்காத நான்கு மணி நேரம் பொட்டுக்குக் கிடைத்தது. பீமாராவ் பிடித்துக்கொண்டான். எட்டு வருஷமும் ஆயுத பூஜை மத்தியானத்தில் அவசர நோயாளிகளுக்கு மட்டும் ஒரு நோட்டை வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வான். பொட்டு அரை நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் பேட்ச், சோதனை. அந்த மருத்துவமனையில் அவன் செய்த வேலையிலேயே உருப்படியான வேலை அதுதான். பதிவேட்டில் மட்டும், காரணம் என்ற கட்டத்தில், ஒவ்வொரு வருஷமும் ஒரே வாசகம்: 'ஆயுத பூஜை, சர்வருக்குப் பொட்டு வைத்த வகையில்.' ஒப்புதல், அழகுமலை, பச்சை மை.

"தூள்ணே!" என்றார் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த சிவக்குமார். "எட்டு வருசம், எட்டுக் கையெழுத்து. இதுக்கு மேல என்ன வேணும்?"

செல்லூரில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். பக்கத்துத் தறிச் சத்தத்தில் பீமாராவ் விளக்கிச் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் எழுதியிருக்க மாட்டார். இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாக உறுதிமொழி எடுத்தவர். அப்படியே எழுதி முத்திரை குத்தினார். நடந்ததை விளக்கிப் பீமாராவ் தனியாக ஒரு கடிதமும் இணைத்தான். முதல் விதியை மறந்துவிட்டான், பாருங்கள்.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது.

'விண்ணப்பதாரர் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டராகப் பணிபுரிந்தார் என்பதற்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஆயினும் அவர் எட்டு ஆண்டுகள் இடைவிடாமல், சந்திர நாட்காட்டியைப் பிழையின்றிக் கணித்து, மேற்பார்வை ஏதுமின்றித் தனியாக, மேலாளரின் முழு ஒப்புதலுடன் சமயச் சடங்கு நடத்திவந்திருப்பது ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. அவர் சடங்கு செய்த இயந்திரம் இக்காலத்தில் ஒரு முறையும் பழுதாகவில்லை என்பதை அவரது திறனின் விளைவாகவே பேரவை கருதுகிறது. எனவே சமயச் சடங்கு அலுவலர் என்னும் தொழிலுக்கு அவர் தகுதி பெறுகிறார். இத்தொழிலுக்கு எங்கள் நாட்டில் கடும் ஆள் பற்றாக்குறை நிலவுகிறது. வாழ்த்துகள்.'

ஏற்கிறேன் என்று ஆயுத பூஜையன்று மாலை ஆறு மணிக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் அதே நேரத்துக்குள் மறுபரிசீலனை கோரலாம். அதற்குப் புதிய ஆதாரம் வேண்டும்.

பீமாராவ் அதை மூன்று முறை படித்தான். அழுகை வந்தது என்று சொன்னால் மிகை. நான்காவது முறை சத்தமாகப் படித்தான்.

"எங்க வீட்டுல இனிமே பிரிண்டரு ரிப்பேருக்குக் கூப்புட மாட்டாக" என்றாள் மனைவி தமிழ்வாணி. "பால் காய்ச்சுறதுக்குக் கூப்புடுவாக. ஒரு வகையில நல்லதுதான?"

சிவக்குமாரிடம் ஓடினான். அவர் இரண்டு வழி சொன்னார். "அப்பிடியே ஏத்துக்கிட்டுப் போயிச் சேருங்கண்ணே. அங்க போயி மணிய ஆட்டுங்க, யாரு கேக்கப் போறா? இல்லேன்னா மறுபரிசீலன. அதுக்கு ஒங்க டேட்டாபேஸு ஒரு தடவையாச்சும் விழுகணும். ஒரு அரை மணி நேரம் கீழ விழ வச்சு, தூக்கி நிப்பாட்டுங்க. ரிப்போர்ட்டு எழுதி மேனேஜருகிட்ட கையெழுத்து வாங்குங்க. முடிஞ்சிருச்சு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீமாராவ் சர்வர் அறைக்குப் போனான். ஒரே ஒரு கட்டளை. அதைத் தட்டி முடித்து, எண்டர் மீது விரலை வைத்தான். எட்டு வருஷத்தில் முதல் முறையாக அந்த மருத்துவமனையில் எல்லோரும் தன்னைத் தேடி ஓடிவரப் போகிறார்கள் என்று நினைத்தபோது கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பதிவுக் கவுண்டர். ஒரு அம்மாள் பேசுவது கேட்டது.

"எனக்கு ஏதோ ஒரு ஊசி ஆகாதுன்னு சொன்னாகம்மா. போன தடவ போட்டுப் பொழைச்சதே பெருசு. பேரு வாயில நொழையல. ஒச்சம்மாள்னு போட்டுப் பாருங்க, அதுல இருக்கும்."

கவுண்டர் பெண் தட்டினாள். இரண்டு நொடியில் ஊசியின் பெயரைப் படித்தாள்.

பீமாராவ் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். இதைத் தியாகம் என்று எழுதலாம், எழுத எனக்கும் ஆசைதான். கேட்டால், கட்டளையில் எழுத்துப் பிழை, அவ்வளவுதான் என்கிறான்.

அன்று சாயங்காலம் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தான். சுடலை கண்ணாடி போட்டு மெதுவாக, வரிவரியாகப் படித்தார். கோயில், பூஜை என்றால் தெரு மாறிப் போகிற ஆள். மகனுக்கு, சட்டம் எழுதியவரின் அந்தப் பெயரை வைத்ததே ஒரு வீம்புக்குத்தான். கோபப்படுவார் என்று பீமாராவ் நினைத்தான். அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்.

"எங்கப்பன் ஊருக் கோயிலுக்குப் பந்தல் போட்டாரு, கொட்டடிச்சாரு, கூளம் அள்ளுனாரு. வாசப்படியத் தாண்டுனதில்ல. நம்ம ஊர்லயும் இந்த அசெஸ்மென்ட்டு இருக்குடா. லெட்டரு வேணாம், சீலு வேணாம். எந்தத் தெருன்னு ஒரே கேள்விதேன். தலமொற தலமொறையா நாம அதுல ஃபெயிலு. இந்த வெள்ளக்காரய்ங்க ஒன்னைய மொதத் தடவையிலேயே பாஸ் போட்டுட்டாய்ங்களே!"

"இப்ப என்னப்பா செய்ய?"

"போறதும் போகாததும் ஒன் இஷ்டம். பேப்பர மட்டும் என்கிட்ட குடுத்துட்டுப் போ. லேமினேட்டு பண்ணனும்."

ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் பீமாராவுக்கு ஒரு ரோஷம். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'பேட்ச் ஏற்றுதல், பேக்கப் சோதனை' என்று உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு போனான்.

அழகுமலை படித்துவிட்டு மேலும் கீழும் பார்த்தார். "நல்ல நாளும் அதுவுமா சோதனங்கிற? ஓடுற மிஷின எதுக்கு நோண்டுற? தெய்வ காரியத்துக்குன்னாச் சொல்லு, தாரேன்."

பீமாராவ் அடித்துவிட்டுப் பழைய வாசகத்தையே எழுதினான். பச்சை மை.

இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினான். பேரவையின் பக்கத்தை போனில் திறந்து மேசை மேல் வைத்தான். ஏற்கிறேன் என்று ஒரு பச்சைப் பொத்தான். அமுக்கினால் அந்த நாடு. அதை அவன் அமுக்குவதாகத்தான் இருந்தான் என்று நினைக்கிறேன். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காலையில் தமிழ்வாணியிடம்கூடச் சொல்லியிருந்தான். ஐந்து மணி வரை பேட்ச் ஒழுங்காக ஏறியது. பிறகு பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது நடுவில் ஒரு கோப்பு முரண்டு பிடித்தது. மருந்து ஒவ்வாமை விவரங்கள் இருக்கிற கோப்பு. பீமாராவ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எங்கே சிக்கல் என்று தேடினான், பிடித்தான், நேராக்கினான், மறுபடி ஏற்றினான். ஒச்சம்மாள் என்று போட்டுப் பார்த்தான். ஊசியின் பெயர் வந்தது. திரையில் 'பிழைகள்: 0' என்று வரும் வரை அவனுக்கு நாடும் இல்லை, ஊரும் இல்லை.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தான். மணி ஆறு தாண்டி ஏழு நிமிஷம். போனில் பச்சைப் பொத்தான் இருந்த இடம் சாம்பல் நிறமாகியிருந்தது. பக்கத்தில் குங்குமச் சிமிழ் மூடிகூடத் திறக்காமல் கிடந்தது. சான்றிதழ் பெற்ற பூசாரி பொட்டு வைக்கவும் மறந்துவிட்டான்.

வாசலில் சுடலை நின்றார். எந்தப் பூஜைக்கும் வராத மனிதர், வேட்டி சட்டையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"அமுக்கிட்டியாடா?"

"இல்லப்பா. வேலயில மறந்துட்டேன்."

வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். சுடலை அவனையும், விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்த சர்வரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள வரலாங்களா சாமி?" என்றார்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்கப்பா. தூசி ஆகாது."

சுடலை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வாசற்படியை ஒரு கணம் பார்த்துவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்று, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, கண்ணை மூடிக் குளிர்காற்றை நெஞ்சில் வாங்கினார்.

"உள்ள இம்புட்டுக் குளுகுளுன்னா இருக்கும்?" என்றார். "அதேன் நம்மள விடாம வச்சிருந்திருக்காய்ங்க."